டிஸ்சார்ஜ் சீட்டில் நாலு வரி தமிழில் எழுதக் கூடாதா?

ஆசிரியருக்கு,

இதய வால்வு மாற்றி வீடு திரும்பிய என் அண்ணனுக்கு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்து அனுப்பினார்கள். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும் என்று சீட்டில் ஆங்கிலத்தில் இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்றங்கால் வேலையில் இடுப்பு பிடித்துக்கொள்ள, மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போட்டார். வார்ஃபரினோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பல் தேய்த்தபோது ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை, சிறுநீரும் டிக்காஷன் நிறத்தில். (ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லை என்றால் அதுவும் ஐ.என்.ஆர். கணக்கை மாற்றுமாம், அப்புறம்தான் தெரிந்தது.) வலி மாத்திரை கேட்பவரிடம் "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கலாமே. ஐ.என்.ஆர். பார்க்க எங்களுக்குத் தஞ்சாவூர் பஸ்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்தால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

- ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்