ஒரு வரிதான், ஆனால்…

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில், பரம்பரைக் கோளாற்றால் சிறுநீரகத்தில் கட்டி வந்தால் அந்தச் சிறுநீரகத்தை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று ஒரு வரி. அதை வாசித்த என் மகள் பேப்பரை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அவளுக்கு டியூபரஸ் ஸ்க்லரோசிஸ், உடம்பின் பல உறுப்புகளில் புற்றுநோயல்லாத கட்டிகள் வரும் மரபணு நோய். சின்னனில் வலிப்பு, பிறகு கன்னமெல்லாம் பருக்கள். முகப்பரு என்று நாங்கள் பூசாத களிம்பில்லை. 19 வயதில்தான் ஸ்கானில் தெரிந்தது, இரண்டு சிறுநீரகத்திலும் ஆஞ்சியோமயோலிபோமா. கொழுப்பும் தசையும் இரத்தக்குழாயும் சேர்ந்த கட்டி, புற்றுநோய் அல்ல. இடப்பக்கத்தது 6 சென்ரிமீற்றர். 4 சென்ரிமீற்றரைத் தாண்டினால் உள்ளே இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும் என்பது பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியாததா? இரண்டிலும் கட்டியுள்ள பிள்ளைக்கு ஒன்றை வெட்டி எடுத்தால் மிச்சத்தை நம்பி எத்தனை நாள்?

கொழும்பில் அவளுக்கு வயிற்றைக் கீறவில்லை. தொடை மடிப்பில் விறைப்பூசி போட்டு, நாடிக்குள் மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு இரத்தம் கொடுக்கும் கிளையை மட்டும் அடைத்தார்கள். எம்போலைசேஷன் என்பது இதுதான். அவள் விழித்தபடியே கிடந்தாள். பிறகு ஆறு மணித்தியாலம் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்ததுதான் பெரிய கரைச்சல் என்றாள். மூன்று நாள் காய்ச்சலும் விலாநோவும் இருந்தது, மறைக்கவில்லை. தையல் இல்லை, ஒரு பிளாஸ்டர். ஆறு மாதத்தில் கட்டி பாதியாகிவிட்டது. வலப்பக்கத்தது சின்னது, வருடாவருடம் ஸ்கான். அது வளர்ந்தால் கட்டியைச் சுருக்கும் எவரோலிமஸ் குளிசை இருக்கிறது, அமெரிக்காவில் 2012இலேயே இந்தக் கட்டிக்கு அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு கதை.

அப்புறம் அந்தப் "பரம்பரை". இந்த நோயுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குத் தாய் தகப்பனிடம் இல்லாத மரபணுப் பிழை புதிதாகவே வருகிறது. திங்கட்கிழமை என் தங்கச்சி போன் எடுத்து, "இது மச்சாளின்ர பக்கத்தாலதானே அண்ணா?" என்கிறாள். மனைவி பக்கத்தில்தான் நின்றாள். நன்றி, ஆசிரியரே.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் அந்தியேட்டி அறிவித்தலில் கோண்டாவிலைக் கொக்குவில் ஆக்கினீர்கள். பாதிச் சனம் அங்கே போய்த் தேடியது. திருத்தம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. ராசிபலன் மட்டும் ஒருநாளும் தவறாமல் அரைப்பக்கம் வருகிறது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம். இந்தமுறை ஊர்ப்பெயரையும் ஒருக்கால் பார்த்துப் போடுங்கள்.

இங்ஙனம்,
ஒரு தகப்பன்,
கோண்டாவில்.