சோலைக்கிளியையும் கணக்கில் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மாநில விலங்கான வரையாட்டைக் காக்கத் தமிழக அரசு 2022இல் 25.14 கோடி ரூபாயில் தனித்திட்டம் அறிவித்ததையும், 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் பதிவானதையும் அறிந்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஆடுகள் மேயும் புல்வெளிச் சரிவுகளுக்கு இடையே, ஓடை பாயும் மடிப்புகளில் நிற்கும் சோலைக்காடுகளை நம்பி வாழ்கிற நீலகிரி சோலைக்கிளியின் மேல் இதே அக்கறை விழவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

பெயரில் கிளி இருந்தாலும், ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 15 செ.மீ. நீளமே உள்ள பாடும் பறவை இது. கருநீல மேலுடலும் செம்பழுப்பு விலாவும் கொண்டது. அடர்ந்த மரநிழலில், உதிர்ந்த இலைகளுக்கிடையே பூச்சிகளைத் தேடித் தின்னும். மரப்பொந்திலோ மண்திட்டின் குழியிலோ கூடு கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் அதையடுத்த கேரள, கர்நாடக உயர்மலைகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் வாழ்வது வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்னும் வேறோர் இனம். 2017இல் வெளியான மரபணு ஆய்வு இவற்றை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனிப் பேரினமாக வகைப்படுத்தியது. அதாவது, இங்கே இழந்தால் வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து விட முடியாத பறவை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் நீலகிரி சோலைக்கிளி அருகிய இனமாகவும், வெண்வயிற்றுச் சோலைக்கிளி அதற்கு ஒரு படி குறைந்த அழிவாய்ப்பு இனமாகவும் வைக்கப்பட்டுள்ளன. இவற்றின் வாழிடம் முன்பே சிறியது. தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் கட்டடங்களும் அதை மேலும் துண்டாக்கிவிட்டன. ஆனைமலை, பழனி மலைப் பகுதிகளில் செய்யப்பட்ட ஆய்வுகள், மனிதர் காட்டைத் துண்டாடியதன் பாதிப்பு தெற்கத்திய இனத்தின் மரபணுவிலும் பாட்டிலும்கூடத் தெரிவதாகக் காட்டியுள்ளன.

தோல் பதனிடப் பட்டை வேண்டி நடப்பட்ட சீகை (வாட்டில்) மரம், வரையாடு மேயும் புல்வெளியெங்கும் பரவிக் கிடப்பதால் அதை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சோலையின் ஓரத்தில் நிற்கும் முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வளர்வதைப் பல இடங்களில் காணலாம். அங்கேயும் இயந்திரங்களைக் கொண்டு ஒரேயடியாக வெட்டிச் சாய்த்தால், திரும்பி வந்துகொண்டிருக்கும் காட்டையும் சேர்த்தே அழிப்போம். புல்வெளியில் புதிதாக முளைத்த சீகைக் கன்றுகளை முதலில் பிடுங்குவதும், சோலையோரத் தோப்புகளைப் படிப்படியாகக் கழிப்பதும், இப்பறவை கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரையான மாதங்களில் அங்கே வேலையை நிறுத்திவைப்பதும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

வரையாட்டுக் கணக்கெடுப்பு 2024இலும் 2025இலும் ஏப்ரல் மாத இறுதியில்தான் நடந்தது. சோலைக்கிளியின் இனப்பெருக்கக் காலமும் அதுவே என்பதால், விடியற்காலையில் அதன் குரலைக் கேட்டுப் பதிவு செய்வதற்கு ஏற்ற நேரம் அது. அந்தக் கணக்கெடுப்புக்காக மலையேறும் வனப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே குரலை இனங்காணும் பயிற்சி அளித்து, வரிசையாகக் குறித்த சில சோலைகளில் மட்டுமேனும் ஆண்டுதோறும் கணக்கெடுத்தால், எந்தச் சோலையில் பறவை நிலைத்திருக்கிறது, எதில் மறைந்து வருகிறது என்பது சில ஆண்டுகளிலேயே புலப்படும். நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவோடு நிறுத்திவிடாமல், தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் வருவாய் நிலங்களிலும் எஞ்சியிருக்கும் சிறு சோலைகளையும் இதில் சேர்ப்பது இன்றியமையாதது. பூங்காவின் எல்லைக்கு வெளியே இருப்பதால் முதலில் வெட்டப்படக்கூடியவை அவையே. அடுத்த கணக்கெடுப்புக்கான ஆணையிலேயே இதற்கு இடமளிக்குமாறு வனத்துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
நீலகிரி மாவட்டம்