ஒரே நாளில் பல்செட்டா?

ஆசிரியருக்கு,

'ஒரே நாளில் பல்செட்' போர்டைப் பார்த்து அம்மாவுக்குப் பல் கட்டினோம், ஒரு மாதமாக ஈறு எரிகிறது, சோறுகூட மெல்ல முடியவில்லை. அப்புறம்தான் விசாரித்தேன். வாயை அளவெடுத்து, மெழுகில் பற்களைப் பதித்து வாயில் வைத்துப் பார்த்து, பிறகு அதை எடுத்து அச்சுக்குள் வைத்து மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் மாவை அழுத்தி, 74 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம், அதன்பின் கொதிநீரில் 1 மணி நேரம் வேகவைப்பது ஒரு முறையாம். வேக்காடு குறைந்தால் அந்த மாவில் உள்ள மோனோமர் என்ற ரசாயனம் மிச்சம் நின்று ஈறை உறுத்தலாம். எங்களுக்கு மெழுகு வைத்துப் பார்க்கவே இல்லை! சரி, இட்லியே வேகாமல் எடுத்தால் ஒட்டுகிறது, இது வாய்க்குள் நாள் முழுக்க இருப்பது. எந்த முறையில் வேகவைத்தார்கள் என்று பில்லிலாவது எழுதித் தரட்டும்.

- ஒரு வாசகர்