உங்களுக்குத் தெரிந்தது எதிராளிக்கும் தெரியட்டும்: பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டிக் குழுவுக்கும் டைரக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போட்டிக் குழுவினருக்கும் டைரக்டர்களுக்கும் வணக்கம்.

சென்ற சுற்றில் எங்கள் மேசையில் நடுவரான டைரக்டர் கொடுத்த தீர்ப்பைப் பற்றி எழுதுகிறேன். மேல்முறையீட்டுக்கான நேரம் முடிந்துவிட்டது. ஸ்கோரை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க வரவில்லை. சீட்டு ஆடுவதற்கு முன் எத்தனை டிரிக் (பிடி) எடுப்போம் என்று சொல்லும் தங்கள் ஏலத்தைப் பற்றி ஒரு ஜோடிக்கு என்ன தெரியுமோ, அது முழுவதும் எதிராளிக்கும் சொல்லப்பட வேண்டும். விதிப் புத்தகத்தில் இருக்கும் இதை மேசையிலும் நடத்திக் காட்டுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அந்த ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் வல்னரபிள் (தோற்றால் அபராதம் கூடுதலாகும் நிலை), அவர்கள் இல்லை. எனக்கு வலப்பக்கம் இருந்தவர் இரண்டு ஸ்பேடு என்று திறந்தார். என் முறை வந்தபோது விளக்கம் கேட்டேன். "வீக் டூ", அதாவது நீளமான சூட்டும் பலவீனமான கையும் வைத்துத் திறப்பது, என்று அவருடைய கூட்டாளி சொன்னார். ஏல ஒப்பந்தங்களை எழுதி வைக்கும் அவர்களின் கன்வென்ஷன் கார்டில் ஆறு ஸ்பேடு, 6 முதல் 10 புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1) என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் மூன்று ஹார்ட் சொன்னேன். இடப்பக்கத்தார் பாஸ். என் பார்ட்னர் நான்கு ஹார்ட்டுக்கு உயர்த்தினார், ஏலம் அங்கே முடிந்தது.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு சீட்டுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது: டைமண்ட் ராணி. எந்தப் பக்கமாகவும் ஃபினெஸ் செய்யக்கூடிய, அதாவது ராணி யாரிடம் இருக்கிறது என்று ஊகித்து அதைப் பிடிக்க முயலக்கூடிய சூட் அது. அதற்குள் ஏலத்தைத் திறந்தவர் கையிலிருந்து ஸ்பேடு ராணி, ஸ்பேடு ஜாக், ஹார்ட் ஜாக் வெளியே வந்துவிட்டன. மொத்தம் 4 புள்ளி. மற்ற படங்கள் எல்லாம் எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 6 புள்ளிக்குக் குறைந்து இவர் திறக்கமாட்டார் என்றால் அந்த ராணி இவரிடம்தான் இருக்க வேண்டும். வேறு கணக்கே கிடையாது. அவர் பக்கமாக ஃபினெஸ் செய்தேன். ராணி இடப்பக்கத்தில் இருந்தது. ஒரு டிரிக் குறைந்து, ஏலத்தில் சொன்ன கான்ட்ராக்ட் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் இடப்பக்கத்தார் மறைக்காமலே சொன்னார்: வல்னரபிள் இல்லாதபோது தன் கூட்டாளி 4 புள்ளியிலும் திறப்பார், அது தனக்குத் தெரியும் என்று. அவர் கையில் மூன்று ஸ்பேடும் 12 புள்ளியும் இருந்தன. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் என் மூன்று ஹார்ட்டுக்கு மேல் மூன்று ஸ்பேடு சொல்லாமல், யோசிக்கக்கூடச் செய்யாமல் பாஸ் செய்திருக்கிறார். கூட்டாளியிடம் ஒன்றும் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் மட்டும் கார்டை நம்பி உட்கார்ந்திருந்தோம்.

டைரக்டரை அழைத்தேன். கார்டில் 6 முதல் 10 என்றுதான் இருக்கிறது, அதிலிருந்து விலகி ஏலம் சொல்ல எந்த ஆட்டக்காரருக்கும் உரிமை உண்டு என்றார். இன்னும் விளக்கமாக நீங்கள் கேட்டிருக்கலாமே என்றும் சொன்னார்.

முதலில் அந்த உரிமையைப் பார்ப்போம். 2017 விதிப் புத்தகத்தின் 40ஆவது விதி விலகும் உரிமையை ஒரு நிபந்தனையோடுதான் தருகிறது. அந்த விலகலை எதிர்பார்க்க எதிராளியைவிடக் கூட்டாளிக்கு அதிகக் காரணம் இருக்கக் கூடாது. ஒருமுறை செய்தால் அது துணிச்சல். திரும்பத் திரும்பச் செய்து கூட்டாளிக்கும் பழகிவிட்டால் அது அவர்களின் ஒப்பந்தம். உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, சேர்ந்து ஆடிய அனுபவத்தில் உண்டான புரிதலும் ஒப்பந்தம்தான் என்று அதே விதி சொல்கிறது. "அது எனக்குத் தெரியும்" என்று கூட்டாளியே வாய்விட்டுச் சொன்ன பிறகு வேறு என்ன சாட்சி வேண்டும்?

அடுத்தது அந்தக் கேள்வி விஷயம். "கேட்டிருக்கலாமே" என்பது நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதன் விலை தெரியும். ஏலத்தின் நடுவே நான் இரண்டாவது, மூன்றாவது கேள்வி கேட்டுவிட்டு பாஸ் செய்தால், என் கையில் ஏதோ இருக்கிறது என்று என் பார்ட்னருக்குத் தெரிந்துவிடும். அப்புறம், கூட்டாளியின் கேள்வி, தயக்கம் போன்றவற்றிலிருந்து கிடைத்த தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்னும் 16ஆவது விதி அவர் கையைக் கட்டிப்போடும். அவர் நேர்மையாக ஒரு ஏலம் சொன்னாலும், என் கேள்வியால் தூண்டப்பட்டதோ என்ற சந்தேகம் வரும், உங்களையே அழைப்பார்கள். எதிராளியும் என் கேள்வியிலிருந்து என் கையைக் கணிப்பார். அதாவது, அவர்கள் சொல்லாமல் விட்டதற்கு நாங்கள் இரண்டு வழியில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்காகத்தான் விளக்கும் கடமையை விதி விளக்குபவர்மேல் வைத்திருக்கிறது. 20ஆவது விதியின்படி, சொன்ன ஏலத்தின் பொருளை மட்டும் கேட்பவர் அறிந்தால் போதாது. சொல்லாமல் விட்ட மாற்று ஏலங்களையும், அந்தத் தேர்விலிருந்து கிடைக்கும் அனுமானங்களையும் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. நான் ஒருமுறை கேட்டேன். ஒரு பெயர் பதிலாக வந்தது.

பெயர் சொல்வது விளக்கம் ஆகாது. இது அந்த ஒரு மேசையின் சிக்கல் இல்லை. முக்கியச் சீட்டுகள் (ஏஸ்கள், டிரம்ப் ராஜா) எத்தனை என்று கூட்டாளியைக் கேட்கும் ஏலத்துக்கு வரும் ஐந்து கிளப் என்ற பதிலுக்கு என்ன பொருள் என்று கேட்டால் "கீ கார்டு" என்கிறார்கள். பூஜ்யமோ மூன்றோ என்று வைத்து ஆடும் ஜோடியும் உண்டு, ஒன்றோ நான்கோ என்று வைத்து ஆடும் ஜோடியும் உண்டு. ஒரே ஏலம், நேர் எதிரான பொருள். கேப்பெல்லெட்டி, மல்ட்டி, லெபன்சோல் என்று எந்த ஏல முறையை எடுத்தாலும் ஜோடிக்கு ஜோடி மாறுகிறது. புதிதாக வருபவர்கள் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். அனுபவமுள்ளவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பல ஆண்டுகள் ஆடியவர்கள் தங்களைவிட எளியவர்களிடம் இப்படி நடந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ரகசியச் சைகை என்றால் நாம் எல்லோரும் கொதித்தெழுகிறோம். 1965இல் பியூனஸ் அயர்ஸில் விரல்களால் சைகை காட்டியதாக எழுந்த குற்றச்சாட்டை இன்றும் பேசுகிறோம். 1975 பெர்முடா கோப்பை உலகப் போட்டியில் மேசைக்கு அடியில் கால்களால் சைகை காட்டியதாகக் குற்றச்சாட்டு வந்த பிறகு அங்கேயும் தடுப்பு வைத்தோம். 2015இல் முன்னணி ஜோடிகள் சிலர்மீது புகார் எழுந்தபோது வீடியோவைச் சீட்டுச் சீட்டாக அலசினார்கள். எல்லாம் சரி. ஆனால் எதிராளிக்குத் தெரியாத ஒன்றைக் கூட்டாளிகள் இருவரும் அறிந்து ஆடுவதுதானே அங்கேயும் குற்றம்? இங்கே விரலும் அசையவில்லை, காலும் அசையவில்லை என்பதற்காக அது சிறிய விஷயம் ஆகிவிடாது. என்னைப் பொறுத்தவரை சாதாரண ஆட்டக்காரர் வாரந்தோறும் சந்திக்கும் அநியாயம் இதுதான். அந்த ஜோடி திட்டமிட்டு ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. பலருக்கு இது வெறும் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை உடைக்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். விளக்கம் என்று கேட்டால் பெயரைச் சொல்லி முடிக்க விடாதீர்கள். எத்தனை சீட்டு, எத்தனை புள்ளி, வல்னரபிள் நிலைக்கு ஏற்ப எப்படி மாறும், பழக்கத்தில் எவ்வளவு தளர்த்துவார்கள் என்பதைக் கேட்காமலே சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் அறிவியுங்கள். கார்டிலிருந்து விலகியதாகப் புகார் வந்தால், கார்டை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லாமல், "இதற்கு முன் இவர் இப்படிச் செய்திருக்கிறாரா?" என்று கூட்டாளியிடம் கேளுங்கள். வந்த பதிலை ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த டைரக்டர் அதைப் பார்க்கட்டும். உண்மையிலேயே ஒப்பந்தம் இல்லையென்றால் "ஒப்பந்தம் இல்லை" என்பதே சரியான பதில், அதை யாரும் குறை சொல்லமாட்டோம். ஒப்பந்தம் இருந்தும் சொல்லவில்லை, எதிராளி பாதிக்கப்பட்டார் என்றால் ஸ்கோரைத் திருத்தும் அதிகாரத்தை 12ஆவது விதி உங்களுக்குத் தந்திருக்கிறது. தயங்காமல் பயன்படுத்துங்கள்.

அந்த ஜோடி அடுத்த சுற்றிலும் ஆடுகிறது. அவர்கள் எதிரே உட்காரப்போவது வேறு இருவர். அதற்கு முன் அந்தக் கார்டில் 6 என்று இருக்கும் இடத்தைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் போட்டிகளில் தொடர்ந்து ஆடும் ஒருவர்