வரலாற்று ஆசிரியராக எந்தப் பட்டம் வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவ முடிவில் மலேசிய மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவுகள் வெளியான நாளிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. இடைநிலைப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு போதித்து ஓய்வு பெற்றவன் என்பதால், முன்னாள் மாணவர்களும் அவர்களுடைய உறவினர்களும் பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்கள் கேட்பவற்றுள் ஒரு கேள்வி ஆண்டு தவறாமல் வருகிறது: "பிள்ளைக்கு வரலாறுன்னா உயிர் சார், டீச்சராகணும்னு சொல்றா. எந்த டிகிரி எடுத்தாலும் பரவாயில்லைதானே?" பரவாயில்லை என்று நம்பி நம் பிள்ளைகள் நான்கு ஆண்டுகளையும் கடன் வாங்கிய பணத்தையும் இழப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பிறை நகரிலிருந்து ஒரு முன்னாள் மாணவி தன் தந்தையுடன் வந்திருந்தாள். கையில் ஒரு நெகிழிக் கோப்பு. அதில் எஸ்.பி.எம். முடிவுத்தாள், வரலாற்றுக்கு ஏ பிளஸ். அதற்குப் பின்னால் ஒரு தனியார் கல்லூரி வழங்கிய வணிக நிர்வாகப் பட்டம். அதற்கும் பின்னால் பி.டி.பி.டி.என். எனும் அரசாங்க உயர்கல்விக் கடன் ஒப்பந்தம். கல்விக் கண்காட்சி ஒன்றில் அக்கல்லூரியின் ஆலோசகர், முதலில் ஏதாவதொரு பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆசிரியர் பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாராம். லாரி ஓட்டும் அந்தத் தந்தை அதை அப்படியே நம்பிவிட்டார். வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்ற ஒருவர் இடைநிலைப்பள்ளி வரலாற்று ஆசிரியராக விண்ணப்பிக்க அடிப்படையே இல்லை என்று நான் விளக்கியபோது, அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் கோப்பின் பொத்தானைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இப்போது பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறாள்.

அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்படி நம்புவதற்குக் காரணமும் இருந்தது. 2021ஆம் ஆண்டு கல்வி அமைச்சு 18,702 ஆசிரியர் பணியிடங்களுக்கு ஒரே முறை நடைபெறும் சிறப்பு ஆள்சேர்ப்பை அறிவித்தபோது, கல்வியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அது பற்றாக்குறையைச் சமாளிக்க எடுத்த அவசர நடவடிக்கை. ஒருமுறை திறந்த அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்று பல குடும்பங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன.

முறையான வழி இதுதான். அரசாங்க இடைநிலைப்பள்ளியில் நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால், கற்பிக்கும் பாடத்தில் அங்கீகரிக்கப்பட்ட இளங்கலைப் பட்டமும், நாங்கள் ஆசிரியர் அறையில் 'இக்திசாஸ்' என்று சொல்லும் ஆசிரியத் தொழில் தகுதியும் இருக்க வேண்டும், எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் பெற்றிருக்க வேண்டும். அதன் பிறகு கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வு. பட்டத்தையும் தொழில் தகுதியையும் ஒருசேரப் பெற மிக நேரான பாதை, வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட கல்வியியல் இளங்கலைப் பட்டம். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இதற்கென்றே பெயர் பெற்றது. பினாங்கு பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமும் இல்லை. கெலுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைத்துறைப் பாடங்களைக் கல்வியியலோடு சேர்த்துப் படிக்க இடமுண்டு.

இரண்டாவது வழி, வரலாற்றில் மட்டும் பட்டம் பெற்று, பிறகு பட்டதாரிகளுக்கான கல்வியியல் டிப்ளோமாவை முடிப்பது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என்னுடன் வேலை செய்த மிகச் சிறந்த ஆசிரியர்களில் இருவர் அப்படி வந்தவர்களே. ஆனால் அந்தப் பயிற்சிக்கான சேர்க்கை எந்தப் பாடத்துக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வரலாறு அந்தப் பட்டியலில் இல்லாத ஆண்டில் பட்டத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். குடும்பப் பொறுப்பு உள்ள பிள்ளைக்கு அது பெரிய சோதனை.

நம் சமூகத்தில் ஆரம்பப்பள்ளி ஆசிரியராவதற்கான வழி எல்லாருக்கும் தெரியும். பினாங்கு மாநிலத்திலேயே இரண்டு ஆசிரியர் கல்விக் கழக வளாகங்கள் இருப்பதால், எஸ்.பி.எம். முடிந்ததும் அங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். இடைநிலைப்பள்ளிக்கான வழி அது அல்ல என்பதுதான் தெரிவதில்லை. அதேபோல், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷன் இடங்களுக்காக ஆண்டுதோறும் நாம் எழுப்பும் குரல் நியாயமானதே. ஆனால் அறிவியல், கணக்கியல், பொறியியல் துறைகளுக்காக அமைந்த மெட்ரிகுலேஷனில் வரலாறு ஒரு பாடமாகவே இல்லை. வரலாற்று ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு, எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பள்ளியிலேயே தொடரும் ஆறாம் படிவமே உகந்தது. அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு வரலாறு, மலாய்மொழி, தமிழ்மொழி மூன்றையும் பொதுப்பாடத்துடன் சேர்த்து எடுக்கலாம். செலவும் மிகக் குறைவு. ஆறாம் படிவம் என்றாலே மெட்ரிகுலேஷன் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று முகம் சுளிக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாடத்தில் பட்டமும் பயிற்சியும் உண்மையில் இவ்வளவு முக்கியமா என்று சிலர் கேட்கலாம். 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி பெறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அப்படிப்பட்ட பாடத்தை, பாடவேளை அட்டவணையை நிரப்புவதற்காக வேறு பாட ஆசிரியரிடம் ஒப்படைக்கும் வழக்கத்தை நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கண்டேன். அவர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள். ஆனால் தாங்கள் கற்காத பாடத்தைப் பாடநூலை வரிக்கு வரி வாசிக்கச் சொல்லியே நடத்தினார்கள். இரண்டாம் படிவத்தில் பழைய கெடா அரசு வருகிறது. அதைப் பாடநூலில் ஒரு பத்தியாக வாசித்துவிட்டுப் போகலாம். அல்லது, நான் செய்ததுபோல், மாணவர்களை செரோக் தோக்குன் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் உள்ள கல்வெட்டுப் பாறைக்கு அழைத்துச் செல்லலாம். மழையும் வெயிலும் தேய்த்த அந்த எழுத்துகளைப் பல்லவ எழுத்து வகை என்று நான் சொன்னதும், பின்னால் நின்ற ஒரு பையன், "அப்படின்னா சார், நம்ம ஆளுங்க இங்க தோட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்திருக்காங்களா?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல, வணிகர்களும் எழுத்தும் சமயமும் கடல் கடந்து வந்ததை அறிந்திருக்க வேண்டும். எழுத்து வந்ததால் மட்டுமே மக்கள் கூட்டமாகக் குடியேறினார்கள் என்று முடிவுகட்டக் கூடாது என்பதையும் அவனுக்குப் பொறுமையாக விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே பாறை முன்னால் நின்று இரண்டையும் செய்ய எனக்குக் கற்றுத்தந்தது பல்கலைக்கழக வரலாற்று வகுப்புகள்தான்.

பயிற்சி கற்றுத்தந்தது வேறு. என் பயிற்சிக்கால வகுப்பொன்றில் மேற்பார்வை விரிவுரையாளர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். நாற்பது நிமிடமும் மடைதிறந்த வெள்ளமாகப் பேசிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து அவரிடம் போனேன். "இன்று எத்தனை மாணவர்கள் வாய் திறந்தார்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒருவர்கூட இல்லை. அன்று அவர் கேட்டது, ஓய்வுபெறும் நாள்வரை ஒவ்வொரு வகுப்பிலும் என் காதில் ஒலித்தது. அறிவு நிறைந்த பட்டதாரிக்கும் அந்தப் பயிற்சி தேவை.

ஆகவே மூன்று தரப்பினரிடம் என் வேண்டுகோள். கல்வி அமைச்சு, வரும் ஆண்டுகளில் எந்தெந்தப் பாடங்களுக்கு எத்தனை இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள் என்பதைப் பிள்ளைகள் ஆறாம் படிவப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே வெளியிட வேண்டும்; பட்டம் பெற்றபின் வெளியிடுவதால் யாருக்கும் பயனில்லை. கல்விக் கண்காட்சிகளை நடத்தும் நம் அமைப்புகள், ஆசிரியராகலாம் என்று சொல்லி மாணவர் சேர்க்கும் கல்லூரிகளிடம் அந்தப் பட்டத்தைக் கொண்டு எந்தப் பாடத்துக்கு, எந்த வழியில் விண்ணப்பிக்க முடியும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தங்கள் நாளிதழ், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பம் திறப்பதற்கு முன்பாக, ஒரு ஞாயிறு பதிப்பில் இந்தத் தகுதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் தந்தால், தொலைபேசியில் நான் ஒருவன் சொல்வது பல்லாயிரம் வீடுகளுக்குப் போய்ச்சேரும்.

அந்த மாணவியின் தம்பி இவ்வாண்டு எஸ்.பி.எம். முடித்திருக்கிறான். அவனுக்கும் வரலாற்றில் ஏ. முடிவு வந்த அன்று மாலையே அக்காவே அவனை என் வீட்டுக்கு அழைத்து வந்து, ஆறாம் படிவத்துக்கு எந்தப் பாடங்களை எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிச் சென்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.