சாவி எங்களிடம்தான் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் பாதுகாப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை முழுக்க ஹேக்கர்களைப் பற்றியே பேசியது. பதினான்கு வருடமாக சர்வர்களோடு குப்பை கொட்டுகிற எனக்கு, பயமெல்லாம் உள்ளே சாவி வைத்திருக்கும் சிஸ்டம் அட்மின்களான எங்களைப் பற்றித்தான்.

எதையும் செய்ய அதிகாரம் தரும் ‘ரூட்’ அனுமதியோடு நுழைந்தவனை, சர்வர்களை இயக்கும் லினக்ஸ் பெரும்பாலும் எதிர்க்கேள்வி கேட்காது. அழி என்றால் அழித்துவிடும். குப்பைத்தொட்டியில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுபவர்களின் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது தெரிந்திருக்கும். களைத்துப்போன பொறியாளர் ஒருவர் உபரி சர்வரில் இருந்த டேட்டா ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் இருந்ததை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. பேக்கப் எடுக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை மெயில்கள்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை! அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அவர்களே விவரமாக எழுதி வெளியிட்டார்கள். அந்தத் துணிச்சல் இங்கே எத்தனை பேருக்கு வரும்?

எனக்கு வரவில்லை. சில வருடம் முன்பு, இரவு பதினோரு மணி. டெஸ்ட் சர்வர் என்று நினைத்து வாடிக்கையாளரின் லைவ் டேட்டாபேஸில் ஒரு டேபிளை, அதாவது தகவல் அட்டவணையை, காலி செய்தேன். திரையில் திறந்திருந்த இரண்டு சர்வர் ஜன்னலும் ஒரே கறுப்பு, ஒரே எழுத்து. எண்டர் தட்டிய பிறகுதான் மேலே இருந்த பெயரைப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. விடிவதற்குள் பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டேன்; மேலாளரிடம் ‘சின்ன மெயின்டெனன்ஸ்’ என்றேன். அன்றிலிருந்து லைவ் சர்வர் ஜன்னலுக்கு மட்டும் சிவப்புப் பின்னணி வைத்திருக்கிறேன்.

இதில் கௌரவப் பிரச்சினை வேறு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரமே “அண்ணா, அட்மின் ஆக்சஸ் கொடுங்க” என்று வந்து நிற்பார்கள். கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். திரும்ப வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவரின் அட்மின் கணக்கு எங்கள் அலுவலகத்தில் இன்னும் உயிரோடு இருப்பதைப் போன மாதம் கண்டுபிடித்தேன். மூடிவிடலாமா என்று மேலாளரைக் கேட்டதற்கு, “இருக்கட்டும், எப்பவாவது தேவைப்படும்” என்றார்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்,
கோவை.