ஐந்தாவதாக ஓடுபவள்

அன்புள்ள செல்விக்கு,

ஏற்காட்டுப் பள்ளிக்குப் பி.டி. டீச்சராக மாற்றல் என்று நீ சொன்னதும் முதலில் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காபித் தோட்டத்துப் பாதையில் பிள்ளைகள் ஏறி ஓடுவதைப் பற்றிப் பேசும்போது வாய்ஸ் மெசேஜில் உன் குரலே மாறிவிட்டது. 400 மீட்டர் டிராக் போட இடமில்லை, இருக்கிற மைதானமும் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது, இதில் என்ன தடகளம் என்று தலைமையாசிரியர் கேட்கிறார் என்றாய். டிராக் கிடக்கட்டும், விடு. உன்னிடம் மேடு இருக்கிறது, அது போதும். இங்கே கலிஃபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகள் ஆகஸ்டிலிருந்து நவம்பர் கடைசி வரை ஓடுவது இந்த மாதிரி மண் மேட்டில்தான். போன சனிக்கிழமை மகளின் டீம் ஓடியதைப் பார்த்துவிட்டு வந்தேன். அதையும் நீ கேட்ட விவரங்களையும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

போட்டி நடந்தது வால்நட்டில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே. அங்கே மவுண்ட் சான் அன்டோனியோ கல்லூரி என்று ஒன்று இருக்கிறது, எல்லோரும் மவுண்ட் சாக் என்றுதான் சொல்வார்கள். அதை ஒட்டிய மொட்டைக் குன்றுகளில் பல பத்தாண்டுகளாகக் கிராஸ் கன்ட்ரி, அதாவது டிராக் இல்லாமல் மண்ணிலும் மேட்டிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டம், நடக்கிறது, அக்டோபர் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். தூரம் 2.93 மைல், நம் கணக்கில் சுமார் 4.7 கிலோமீட்டர். பையன்களுக்கும் பெண்களுக்கும் அதே தூரம், அதே மேடு. பெண்பிள்ளைகளுக்கு 800 மீட்டரே அதிகம் என்று நம்மை நிறுத்தி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே அந்தப் பேச்சே இல்லை என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

முதல் மைல் பெரும்பாலும் சமதளம், பள்ளத்தாக்கைச் சுற்றி வரும். பிள்ளைகள் ஏமாறுவது அங்கேதான், கால் புதுசாக இருக்கும், கூட்டம் இழுக்கும், மளமளவென்று போய்விடுவார்கள். அதற்கப்புறம் ஸ்விட்ச்பேக்ஸ் வரும், வளைந்து வளைந்து ஏறும் மண்பாதை. சேலத்திலிருந்து நீ பஸ்ஸில் ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவில் நான்கைந்தை எடுத்து, தாரைச் சுரண்டிவிட்டு, ஓடு என்றால் எப்படி இருக்கும், அப்படி. அதை ஏறி இறங்கி மூச்சு வாங்குவதற்குள் பூப் அவுட் என்று ஒரு மேடு, நீளம் கம்மி, ஆனால் செங்குத்து. அதையும் தாண்டிவிட்டால் முடிந்தது என்று உடம்பு நம்பத் தொடங்கும் நேரத்தில் ரிசர்வாயர் ஹில். அதற்கப்புறம்தான் முடிவுக்கோட்டை நோக்கிய இறக்கம்.

பெற்றோர்கள் எல்லோரும் பூப் அவுட் ஓரத்தில்தான் நிற்போம். மழை பார்த்து மாதங்கள் ஆன மண், மாவு மாதிரிப் புழுதி. முன்னால் வரும் பெண்கள் கிளப்பும் தூசியில்தான் பின்னால் வருபவர்கள் மூச்சு விடவேண்டும். முதல் பத்துப் பேர் போகும்போது கத்தலும் மணியோசையும் காதைப் பிளக்கும். அதற்கப்புறம் கூட்டம் மெல்ல அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும், ஏனென்றால் எல்லோருக்கும் தங்கள் பிள்ளை முடிப்பதைப் பார்க்கவேண்டும். என் மகள் வருவது அந்த நேரத்தில்தான். அவள் டீமில் ஐந்தாவது. கெண்டைக்கால் முழுக்கப் புழுதி, வியர்வை அதில் கோடு இழுத்திருந்தது, வாயோரம் எச்சில் காய்ந்து வெள்ளையாக, கண் மட்டும் மேட்டின் உச்சியில். பக்கத்தில் நாலாவதாக ஓடும் பெண், மெக்சிக வம்சாவளி, நல்ல உயரம். இருவரும் தோளோடு தோளாக ஏறினார்கள். பேச மூச்சு ஏது? அந்தப் பெண் இடது கையை மட்டும் லேசாகப் பின்னால் நீட்டி, வா என்கிற மாதிரி விரலை ஆட்டினாள். என் மகள் ஒட்டிக்கொண்டே போனாள். ரிசர்வாயர் ஏற்றத்தில் ஏழெட்டுப் பேரைத் தாண்டினார்கள் என்று கோச் பிறகு சொன்னார், அதை நான் பார்க்கவில்லை.

இனி நீ கேட்ட புள்ளிக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால்தான் இந்த விளையாட்டின் அழகு புரியும். ஒரு டீமில் ஏழு பேர் ஓடுவார்கள். முதல் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டவேண்டும், அதுதான் டீமின் புள்ளி, குறைவாக வாங்கிய டீம் ஜெயிக்கும். ஒரே பள்ளி முதல் ஐந்து இடத்தையும் பிடித்தால் 15, அதற்குக் கீழே போக முடியாது. ஆறாவது ஏழாவது ஆளின் இடம் கணக்கில் சேராது, ஆனால் அவர்கள் எதிர் டீமின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் அந்த டீமின் புள்ளி ஏறும். இரண்டு டீம் சமமாக வந்தால் ஆறாவது ஆள் யாருடையவர் முந்தி வந்தாரோ அந்த டீமுக்கு வெற்றி. ஒரு உதாரணம் போட்டுப் பார். ஒரு பள்ளிக்கு 3, 9, 14, 21, 60 என்று இடங்கள், கூட்டினால் 107. இன்னொரு பள்ளிக்கு 12, 15, 18, 22, 25, கூட்டினால் 92. முதல் பத்தில் ஆளே இல்லாத பள்ளி ஜெயித்துவிட்டது. முதல் பள்ளியைக் கவிழ்த்தது அந்த 60. முன்னால் ஓடுபவள் உயிரைக் கொடுத்து மூன்றாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தாலும் இரண்டு புள்ளிதான் மிச்சம். பின்னால் ஓடுபவள் ஒரு மேட்டில் பத்துப் பேரைத் தாண்டினால் பத்துப் புள்ளி. நடுவில் ஓடும் கூட்டம் அவ்வளவு நெருக்கமாக இருக்கும், பத்து விநாடிக்குள் அத்தனை பேர் அடைந்து கிடப்பார்கள்.

இதற்கு ஒலிம்பிக்கிலேயே ஒரு கதை உண்டு, உன் பிள்ளைகளுக்குச் சொல். 1924 பாரிஸ், ஜூலை மாத வெயில், கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் 38 பேர் கிளம்பி 15 பேர்தான் முடித்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி ஜெயித்தார், அதே நாட்டின் வில்லே ரிட்டோலா இரண்டாவது. ஆனால் டீம் தங்கத்துக்கு மூன்று பேர் முடிக்கவேண்டும். மூன்றாவது ஆள் ஹெய்க்கி லீமட்டைனென் வெயிலில் நிலைதடுமாறி, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஓட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிட்டார். பிறகு எப்படியோ தள்ளாடி வந்து 12ஆவதாகக் கோட்டைத் தொட்டார். பின்லாந்துக்கு டீம் தங்கம் அவரால்தான் உறுதியாயிற்று. நூர்மி பெயர் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்த 12ஆவது ஆள்தான் பெரியவர். (அந்த ஓட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் இன்னொன்றும் உண்டு, வெயிலில் வைக்காதே. அதோடு ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரியையே நிறுத்திவிட்டார்கள்.)

அதனால்தான் சொல்கிறேன், நீ போட்டி வைத்தால் முதல் மூன்று பேருக்குக் கோப்பை என்று ஆரம்பிக்காதே. வகுப்பு வாரியாகவோ ஊர் வாரியாகவோ டீம் பிரித்து ஐந்து பேர் கணக்கு வை. மெதுவாக ஓடும் பிள்ளைக்கும் தான் ஓடியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். இங்கே பல பள்ளிகளில் இந்த ஒரு டீமில் மட்டும் தேர்வு வைத்து யாரையும் கழிக்க மாட்டார்கள், வருகிறவர்கள் எல்லோரும் சேரலாம். கூடைப்பந்தில் இடம் கிடைக்காத பிள்ளை, குண்டாக இருக்கும் பிள்ளை, யாரோடும் பேசாத பிள்ளை, எல்லோரும் இதில் இருப்பார்கள். ஏழு பேர் முதல் டீம், மற்றவர்களுக்குத் தனி ஓட்டம், ஒன்பதாம் வகுப்புக்குத் தனி ஓட்டம். நம் குறுவட்டப் போட்டிகளில் எத்தனை பிள்ளைகள் ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றிலேயே தோற்று, மதியம் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நீ பி.டி. டீச்சர் ஆனாய் என்று எனக்குத் தெரியும்.

மேடு ஏறுவது எப்படி என்று கேட்டாய். கோச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். எட்டி வைக்கும் அடியைக் குறுக்கவேண்டும், கால் வேகமாக விழவேண்டும், கையை நன்றாக வீசவேண்டும். உடம்பு சாய்வது கணுக்காலிலிருந்து, இடுப்பை மடக்கிக் குனிந்தால் மூச்சு அடைக்கும். பார்வை பாதத்தில் வேண்டாம், சில அடி முன்னால் இருக்கட்டும். சமதளத்தில் ஓடிய வேகத்தை மேட்டில் பிடிக்கப் பார்க்கக் கூடாது, அதே உழைப்பைப் போட்டால் போதும், வேகம் தானாகக் குறையும், குறையட்டும். முக்கியமானது உச்சி. ஏறியதும் எல்லோரும் அப்பாடா என்று தளர்வார்கள், அந்த இடத்தில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி ஓடினால் சும்மாவே ஆளைத் தாண்டலாம். இறங்கும்போது குதிகாலை ஊன்றி பிரேக் போடாமல் சின்னச் சின்ன அடியாக விடவேண்டும். ஆனால் மறுநாள் தொடை வலிப்பது இறக்கத்தால்தான், ஏற்றத்தால் அல்ல, இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அதனால் வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் மேட்டுப் பயிற்சி போதும், மற்ற நாள் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம். உன் பிள்ளைகள் பள்ளிக்கே மேடு ஏறி நடந்து வருகிறவர்கள், அதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்.

காபித் தோட்டத்தில் புறப்படும் இடம் அகலமாக இருக்கட்டும், பாதை குறுகுவதற்கு முன் கூட்டம் கலைய இடம் வேண்டும். இங்கே முதல் 100 மீட்டருக்குள் இடிபட்டு யாராவது விழுந்தால் தொடக்கத் துப்பாக்கியை மறுபடி சுட்டு எல்லோரையும் திரும்ப வரவழைத்துப் புதிதாகத் தொடங்குவார்கள். நல்ல வழக்கம்.

இன்னொன்று, இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன். இங்கே ஒரு பள்ளியில் கோச் பெண்பிள்ளைகளிடம் எடை குறைத்தால் மேடு சுலபம் என்று சொல்லி, ஒரு பெண் சாப்பாட்டைக் குறைத்து, மாதவிடாய் நின்று, கடைசியில் கால் எலும்பில் மெல்லிய விரிசலோடு சீசனையே விட்டுவிட்டாள். மாதவிடாய் நிற்பது ஓடுகிற பெண்ணுக்குச் சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, ஓடும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம், எலும்பு வலுவிழக்கும். உன்னிடம் வருகிற பெண்கள் பலருக்கு ஓடத் தொடங்கும் முன்பே ரத்தசோகை இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுத் தொடங்கு. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே வீசாமல் விழுங்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார், சாப்பாட்டுக்கு அப்புறம் கொடு, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ, டீ மட்டும் உடனே வேண்டாம். என் மகளுக்கும் போன வருஷம் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு, குறைந்து, மேட்டில் கால் நகரவே இல்லை. அது சரியாவதற்கு மூன்று நாலு மாதம் ஆயிற்று.

உனக்கு முன்னுதாரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. நம் புதுக்கோட்டைப் பெண் சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினாளே, அவள் படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டு.

மகளின் டீம் அன்று நான்காவது. அவளுக்கு அதில் நிறைவில்லை. ரிசர்வாயரில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே அழுத்தியிருக்கலாம் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். லீக் இறுதி ஓட்டம் நவம்பர் தொடக்கத்தில், அதில் பார்க்கலாம் என்கிறாள். மாநிலப் போட்டி ஃப்ரெஸ்னோவின் வுட்வர்ட் பார்க்கில், அதுவரை போவார்களா என்று தெரியாது, போனால் நிச்சயம் எழுதுகிறேன்.

அப்புறம், ஷூ விஷயம். இங்கே பிள்ளைகள் ஒரு சீசன் ஓடிவிட்டுக் கால் வளர்ந்து விட்டுவிடும் ஷூக்கள், அடிப்பாகம் நன்றாக இருப்பவை, நிறையக் கிடைக்கின்றன. டீம் பெற்றோரிடம் கேட்டேன், சந்தோஷமாகத் தருகிறார்கள். டிசம்பரில் அத்தான் சேலம் வருகிறார், ஒரு பெட்டி அவர் கையில் அனுப்ப முடியும். ஆணி ஷூ வேண்டாம், கல் பாதைக்கு ஆகாது, சாதாரண ஓட்ட ஷூவே போதும். பிள்ளைகளை வெறுங்காலோடு காகிதத்தின் மேல் நிற்க வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்து, சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. சாயங்காலம் அள, அப்போதுதான் பாதம் சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். நவம்பர் பதினைந்துக்குள் பட்டியல் கைக்கு வந்தால் நல்லது. யார் யாருக்கு என்று பெயர் வேண்டாம், அளவும் எத்தனை ஜோடி என்பதும் போதும்.

அன்புடன்,
மீனா